கடுகு வெடித்தால் தப்பு, வடை பொரிந்தால் சரி

போன மாதம் இந்தக் கேள்வி-பதில் பகுதியில் கேட் தாழ்ப்பாள் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, "என் வீட்டில் ஒரு சின்ன சி.ஓ.டூ வெல்டிங் மிஷின் இருக்கிறது" என்று பெருமைக்குச் சொல்லித் தொலைத்தேன். அரசியலும் சினிமாவும் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் திடீரென்று இரும்பு கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். இந்த வாரம் முழுக்க அவர்களுக்கே.

மொட்டைமாடி மெக்கானிக், சேலம்: மிக் வெல்டிங், மேக் வெல்டிங், சி.ஓ.டூ வெல்டிங். மூன்றும் வேறு வேறா சார்?

மிஷின் ஒன்றுதான், சிலிண்டரில் இருக்கும் வாயுவைப் பொறுத்துப் பெயர் மாறும். ஆர்கான் மாதிரி யார் வம்புக்கும் போகாத வாயு என்றால் மிக். கார்பன் டை ஆக்சைடு சும்மா இருக்காது. வெல்டிங் சூட்டில் பிரிந்து உருகிய உலோகத்தோடு உரசும். அதனால் புத்தகத்தில் அதற்கு மேக் என்று பெயர். பட்டறைக்காரர்கள் இந்தப் பஞ்சாயத்தே வேண்டாம் என்று சி.ஓ.டூ வெல்டிங் என்கிறார்கள்.

1948-இல் அமெரிக்காவின் பேட்டல் ஆய்வு நிறுவனத்தில் இந்த முறை உருவானபோது அலுமினியத்தை ஒட்டுவதுதான் நோக்கம். அன்றைக்கு ஆர்கான் மாதிரி வாயுவின் விலை யானை விலை. 1950-களில் கார்பன் டை ஆக்சைடு போதும் என்று தெரிந்த பிறகுதான் இரும்புப் பட்டறைகளுக்கு இது கட்டுப்படியானது. கோலி சோடாவில் பொங்குகிறதே, அதே வாயு.

புதுக்கை, நாமக்கல்: ராடு வெல்டிங்கைவிட இது சுலபம் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. சிக்கலே அதுதான்.

ராடு வெல்டிங்கில் ராடு கரையக் கரையக் கையைக் கீழே இறக்க வேண்டும், இடைவெளி காக்க வேண்டும், பக்கவாட்டில் நகர வேண்டும். ஒன்று தவறினால் ராடு ஒட்டிக்கொண்டு ஆடும், ஊரே பார்க்கும். சி.ஓ.டூ-வில் துப்பாக்கியின் விசையை அழுத்தினால் வயர், கரண்ட், வாயு மூன்றும் ஒன்றாக வந்துவிடும். வயர் தானாக வந்துகொண்டே இருப்பதால் நீங்கள் நகர்ந்தால் போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் பார்க்க லட்சணமான ஒரு கோடு போட்டுவிடலாம். அந்தக் கோடு இரும்பைப் பிடித்திருக்கிறதா என்பது வேறு விஷயம்.

என் முதல் வேலையைச் சொல்கிறேன். துளசித் தொட்டிக்கு ஒரு ஸ்டாண்ட். கீழே 6 மி.மீ. தகடு, அதன் மேல் மெல்லிய ஸ்கொயர் பைப்பில் நான்கு கால்கள். பைப் ஓட்டையாகிவிடக் கூடாதே என்று பைப்புக்கு ஏற்ற மாதிரி செட்டிங்கைக் குறைத்து வைத்தேன். அவசரப்படக் கூடாது என்று மெதுவாக, ரொம்ப மெதுவாக நகர்ந்தேன். மீன் செதில் அடுக்கின மாதிரி வந்தது. படம் எடுத்துச் சொந்தக்காரர்கள் குழுவில் போட்டேன். பதினேழு கட்டைவிரல் வந்தது.

மண் நிரப்பிய தொட்டியைத் தூக்கி வைத்ததும் 'டக்' என்று ஒரு சத்தம். ஒரு கால் தனியாக நின்றது. குனிந்து பார்த்தேன். நான் போட்ட கோடு முழுசாக, ஒரு கீறல்கூட இல்லாமல், ஸ்டிக்கர் பொட்டு உரிந்த மாதிரி தகட்டை விட்டு வந்திருந்தது. அது இருந்த இடத்தில், தகட்டில் நான் முதலில் கிரைண்டர் போட்ட கோடுகள் அப்படியே பளபளவென்று தெரிந்தன. அதாவது அந்தத் தகடு உருகவே இல்லை.

எங்கள் தெருமுனைப் பட்டறை அண்ணனிடம் எடுத்துப் போனேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது பத்த வைக்கல, பசை போட்டு ஒட்டியிருக்கீங்க" என்றார். பிறகு ஒரு துண்டு எடுத்துச் செய்து காட்டினார். வில், அதாவது வயர் நுனியில் எரியும் ஆர்க், எப்போதும் உருகிய குழம்பின் முன் விளிம்பில் இருக்க வேண்டும். மெதுவாகப் போனால் குழம்பு வில்லைத் தாண்டி முன்னால் ஓடி, ஆறிக்கிடக்கும் இரும்பின் மேல் படுத்துக்கொள்ளும். அடியில் சூடே போகாது. இரண்டு தடிமன்கள் சேரும் இடத்தில் செட்டிங் தடித்ததற்கு. வில்லையும் தடித்த பக்கமே பிடித்து, மெல்லியதை லேசாகத் தொட்டுவிட்டு வர வேண்டும். மூன்று நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டார். எனக்கு மண்டையில் ஏற ஒரு மாதம் ஆனது.

சந்தேகப் பிராணி, விருதுநகர்: அப்படியானால் நன்றாகப் பிடித்திருக்கிறதா என்று எப்படித்தான் தெரிந்துகொள்வது?

உடைத்துப் பாருங்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன். இரண்டு துண்டுகளை 'ட' போல நிறுத்தி, ஒரு பக்கம் மட்டும் வெல்டிங் போடுங்கள். வைஸில் கவ்வி, கோடு போட்ட பக்கமாகவே மடங்கும்படி சுத்தியலால் அடியுங்கள். இரும்பு வளைந்து, இழுபட்டு, கடைசியில் கிழிந்தால் நல்ல வேலை. இரண்டே அடியில் உரிந்து வந்து, அடியில் கிரைண்டர் கோடு தெரிந்தால் என் கட்சி. முதல் 20 துண்டுகளை இப்படி உடைக்காமல் வீட்டுச் சாமான் எதையும் தொடாதீர்கள். பழைய இரும்புக் கடையில் கிலோ கணக்கில் துண்டுகள் கிடைக்கும்.

காது கேட்பவன், மதுரை: மிஷினில் இரண்டு திருகு இருக்கிறது. எதைத் திருகினாலும் ஏதோ ஆகிறது. எதுக்கு எது?

ஒன்று வயர் வேகம். கரண்ட் அதன் பின்னாலேயே வரும். வயர் கூடினால் ஆம்பியர் கூடும். இன்னொன்று வோல்டேஜ். அது கூடினால் வில் நீண்டு, கோடு அகன்று தட்டையாகும்.

சாதாரண இரும்பில் 1 மி.மீ. தடிமனுக்குச் சுமார் 40 ஆம்பியர் என்று தொடங்கலாம். 2 மி.மீ. பைப் என்றால் 80. மிஷின் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் பாருங்கள். நம்மில் பாதிப் பேர் அதைப் பார்ப்பதே மிஷினை விற்கும்போதுதான்.

மிச்சத்தைக் காது சொல்லும். வீட்டு மிஷினில் வயர் நுனி குழம்பைத் தொட்டு, உருகி, விட்டு, மறுபடி தொடுகிறது. நொடிக்கு நூறு முறை அளவுக்கு. இது சீராக நடந்தால் எண்ணெயில் வடை விடாமல் பொரிகிற சத்தம் வரும். கடுகு மாதிரி அங்கொன்று இங்கொன்று வெடித்து, துப்பாக்கி உங்கள் கையைப் பின்னால் தள்ளினால் வயர் அதிகம் அல்லது வோல்டேஜ் குறைவு. 'உஸ்' என்று சீறி, வயர் நுனியில் உருண்டை கட்டி துப்பாக்கி முனையில் ஒட்டிக்கொண்டால் அதற்கு நேர்மாறு. ஒரு திருகை மட்டும் தொடுங்கள், கொஞ்சமாகத் தொடுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் திருகுகிறவர் எதனால் சரியானது என்று கடைசிவரை தெரிந்துகொள்ள மாட்டார்.

இன்னொன்று: முனையிலிருந்து வயர் சுண்டுவிரல் நக அகலத்துக்கு, ஏறக்குறைய 10 மி.மீ., நீட்டியிருக்கட்டும். பயத்தில் கை பின்னால் போகப் போக வயர் நீளும், கரண்ட் குறையும், வடை கடுகாகும்.

மீட்டர் ரீடர், ஈரோடு: வீட்டுக் கரண்ட்டில் ஓடுமா? ஈ.பி.காரர் வருவாரா?

80 ஆம்பியர் வெல்டிங்குக்கு இன்வெர்டர் மிஷின் வீட்டு லைனில் 10, 12 ஆம்பியர் இழுக்கும். ஏ.சி.க்கு வைத்திருக்கும் 16 ஆம்பியர் பாயின்ட் தாங்கும். செல்போன் சார்ஜ் போடும் 6 ஆம்பியர் பாயின்ட்டில் சொருகினால், முதலில் உருகுவது வயர் அல்ல, சுவிட்ச்போர்டு. எக்ஸ்டென்ஷன் தவிர்க்க முடியாவிட்டால் 2.5 சதுர மி.மீ. செம்பு வயர்; சுருளை முழுக்க அவிழ்த்துப் போடுங்கள், சுற்றியபடியே விட்டால் சூடேறும். எர்த்தை எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதித்துவிடுங்கள். பக்கத்து வீட்டில் சீரியல் நேரத்தில் விளக்கு மினுங்கினால், வருவது ஈ.பி.காரர் அல்ல, பக்கத்து வீட்டு அம்மா.

காற்றடி காலத்தவன், உடுமலைப்பேட்டை: மாடியில் வைத்து அடித்தால் கோடு முழுக்கப் பொத்தல் பொத்தலாக வருகிறது. மிஷின் பழுதா?

பழுதெல்லாம் இல்லை, பாலக்காட்டுக் கணவாய். உங்கள் ஊரில் ஆடி மாதம் அம்மி பறக்காவிட்டாலும் வெல்டிங் வாயு பறந்துவிடும். நிமிடத்துக்கு 10 முதல் 15 லிட்டர் வாயுதான் அந்தக் குழம்பின் மேல் குடை பிடிக்கிறது. அது கலைந்தால் வெளிக்காற்று உள்ளே புகுந்து, ஆறும்போது குமிழாக வெளியேறும். வெல்டிங் கோடு ஆப்பத்தின் நடுப்பகுதி மாதிரி ஆகிவிடும். வாயுவைக் கூட்டித் திறப்பதும் உதவாது; வேகமாகப் பாய்ந்தால் சுழன்று அதுவே காற்றை இழுக்கும். தகரத்தால் மறைப்புக் கட்டுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள்.

அல்லது வாயு வேண்டாத ஃப்ளக்ஸ் வயருக்கு மாறுங்கள். வயருக்குள்ளேயே மருந்துப் பொடி இருக்கும், அது எரிந்து தானே குடை பிடிக்கும். காற்றுக்கு நன்றாகத் தாங்கும். புகை அதிகம், பொறி அதிகம், மேலே கசடு படியும், தட்டி எடுக்க வேண்டும். வாயுவுடன் போடும் வயருக்குத் துப்பாக்கி பாசிட்டிவ், வாயு இல்லாததற்குத் துப்பாக்கி நெகட்டிவ். மிஷினில் இரண்டு முனைகளை மாற்றிப் போட வேண்டும். இதை மறந்துவிட்டு "இந்த வயரே மோசம்" என்று திட்டி எழுதியவர்கள் இந்த வாரம் மட்டும் நான்கு பேர்.

சிக்கனம், காரைக்குடி: வீட்டுச் சமையல் சிலிண்டரையே மாட்டிக்கொள்ளலாமா?

தாராளமாக. தெருவில் மற்றவர்கள் வீடு காலி செய்துவிட்டார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

(கேலி புரியாதவர்களுக்கு: கூடவே கூடாது. அது எரியும் வாயு. இங்கே தேவை எரியாத வாயு.)

அளவுக்காரர், கரூர்: சி.ஓ.டூ சிலிண்டரில் முள் நேற்றுவரை நிறையக் காட்டியது, இன்று திடீரென்று விழுந்துவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. உள்ளே இருப்பது பெரும்பாலும் திரவம். கடைசிச் சொட்டு திரவம் இருக்கும்வரை முள் பெரிதாக அசையாது. சமையல் சிலிண்டரைத் தூக்கி ஆட்டிப் பார்ப்பீர்களே, அதே புத்திதான் இங்கேயும். எடை போடுவதுதான் கணக்கு. ரெகுலேட்டரில் பனி பிடித்தால் பயப்படாதீர்கள், திரவம் ஆவியாகும் குளிர்ச்சி. நீண்ட நேரம் அடிப்பவர்கள் ஹீட்டர் வைத்த ரெகுலேட்டர் வாங்குகிறார்கள். சிலிண்டரை எப்போதும் நிமிர்த்தி, சங்கிலியால் கட்டி வையுங்கள். மாடிப்படிக்குக் கீழே இருக்கும் மூடிய அறையில் வேலை செய்யாதீர்கள். இந்த வாயு காற்றைவிடக் கனம், தரையோடு தங்கி மூச்சு முட்ட வைக்கும்.

தூக்கமில்லாதவன், திருப்பூர்: இரண்டு கோடுதானே என்று கண்ணாடி இல்லாமல் அடித்தேன். அப்போது ஒன்றும் இல்லை. நடுராத்திரி கண்ணில் மணல் கொட்டின மாதிரி ஆகிவிட்டது. உருளைக்கிழங்கு வைக்கச் சொல்கிறார்கள், தாய்ப்பால் விடச் சொல்கிறார்கள்...

உருளைக்கிழங்கைப் பொரியல் செய்யுங்கள், தாய்ப்பால் குழந்தைக்கு. நீங்கள் கண் டாக்டரிடம் போங்கள். நடந்தது என்னவென்றால், புற ஊதாக் கதிரில் கருவிழியின் மேல்தோல் வெந்துவிட்டது. வெயிலில் தோல் கறுப்பது போலவே இதுவும் சில மணி நேரம் கழித்துத்தான் தெரியும், அதனால்தான் 'ஒன்றும் ஆகவில்லையே' என்று தைரியம் வருகிறது. பெரும்பாலும் ஓரிரு நாளில் ஆறிவிடும். ஆனால் மிளகாய் மாதிரி எரிகிற கண்ணில் கிழங்குச் சாறு விட்டுக் கிருமியையும் சேர்த்துக்கொண்டால் ஆறாது.

தானாகக் கறுக்கும் ஹெல்மெட் இப்போது எல்லா ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கிறது. வீட்டு வேலைக்கு 10 அல்லது 11-ஆம் எண் இருட்டு. கூலிங் கிளாஸ், பழைய எக்ஸ்ரே ஃபிலிம், விரலிடுக்கு எதுவும் கணக்கில் வராது. இன்னொரு விஷயம் யாரும் சொல்வதில்லை. வெள்ளையடித்த சுவரிலிருந்து திரும்பி வரும் வெளிச்சமும் சுடும். வேடிக்கை பார்க்க வரும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும், வாலாட்டிக்கொண்டு நிற்கும் நாய்க்கும் ஹெல்மெட் கிடையாது. மறைப்புத் திரை கட்டிவிட்டு ஆரம்பியுங்கள்.

கைலி ரசிகர், காயல்பட்டினம்: வீட்டு வேலைதானே, கைலியில் நின்று அடிக்கலாமா?

அடிக்கலாம், ஒரு முறை. பருத்தியில் முழுக்கை சட்டை, பருத்தி பேன்ட், தோல் ஷூ, தோல் கையுறை. பாலியஸ்டர் தீப்பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும். சட்டையின் மேல் பொத்தானையும் போடுங்கள். கழுத்துக்குக் கீழே 'வி' வடிவத்தில் கருகிக்கொண்டு திரிபவர் புது வெல்டர் என்று தூரத்திலேயே தெரியும்.

வெல்லம் சாப்பிடுபவன், திண்டுக்கல்: ஜி.ஐ. பைப் அடித்த அன்று ராத்திரி குளிர்காய்ச்சல் வந்தது. வெல்லம் சாப்பிட்டால் வராது என்கிறார்களே?

வெல்லம் இனிக்கும், அவ்வளவுதான். ஜி.ஐ. பைப்பின் மேல் துத்தநாகப் பூச்சு இருக்கிறது. இரும்பு உருக சுமார் 1,500 டிகிரி வேண்டும்; துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். அந்த வெள்ளைப் புகையை இழுத்தால் சாயந்தரம் உடம்பு வலி, நடுக்கம், காய்ச்சல். மறுநாள் இறங்கிவிடும் என்பதால் பலர் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். வெல்டிங் வரும் இடத்தில் இருபுறமும் இரண்டு விரல் அளவுக்குப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, திறந்த இடத்தில், புகை முகத்துக்கு வராத பக்கம் நின்று, புகைக்கான மாஸ்க் போட்டு அடியுங்கள். மூச்சுத் திணறல் வந்தால் மறுநாளைக்குக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரி. முடிந்தால் பூச்சில்லாத எம்.எஸ். பைப் வாங்கி, அடித்து முடித்து பெயின்ட் பூசுங்கள். அதுதான் என் கட்சி.

அவசரக்காரன், தஞ்சாவூர்: பைக் பெட்ரோல் டேங்கில் சின்ன ஓட்டை. பெட்ரோலைச் சுத்தமாகக் கொட்டிவிட்டேன். ஒரு புள்ளி வைத்துவிடட்டுமா?

வைக்காதீர்கள். நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க் மோசம். உள்ளே ஆவியும் காற்றும் சரியாகக் கலந்து காத்திருக்கும். அந்த ஒரு புள்ளி உங்களுக்கு முற்றுப்புள்ளி ஆகலாம். டேங்க் வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள், அல்லது புது டேங்க்.

உப்புக்காற்று, தூத்துக்குடி: வயர் ரீல் இரண்டே மாதத்தில் துருப்பிடித்துவிட்டது. துடைத்துவிட்டு ஓட்டலாமா?

மேல் சுற்றுகளை வெட்டிப் போட்டுவிட்டுப் பார்க்கலாம். வயர் மேல் தாமிரப் பூச்சு இருக்கிறது, கரண்ட் பிடிக்கவும் துரு வராமலிருக்கவும். உங்கள் ஊர்க் காற்றுக்கு அந்தப் பூச்சு எம்மாத்திரம்? துருத் தூள் துப்பாக்கிக் குழாயின் உள்ளே படிந்தால் வயர் தடுக்கித் தடுக்கி வரும். பிறகு உருளைகளுக்கிடையே சிக்கி, குருவிக்கூடு மாதிரி சுருண்டு நிற்கும். வேலை முடிந்ததும் ரீலைக் கழற்றி, பாலிதீன் பையில் இறுக்கிக் கட்டி, ஷூ பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தையும் போட்டு உள்ளே வையுங்கள். உருளையை ரொம்ப இறுக்காதீர்கள். முனைத் துண்டு நாலைந்து எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருக்கும்போதுதான் அது அடைத்துக்கொள்ளும்.

கத்திரி வெயில், வேலூர்: '60 சதவீதம் டியூட்டி சைக்கிள்' என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால்?

10 நிமிடத்தில் 6 நிமிடம் உழைப்பு, 4 நிமிடம் ஓய்வு. அதுவும் 40 டிகிரி சூட்டில் சோதித்த கணக்கு. மே மாதத்தில் உங்கள் ஊர் அந்தச் சோதனைக்கூடத்தை மிஞ்சிவிடும், மிஷின் இன்னும் சீக்கிரம் மஞ்சள் விளக்கு காட்டி நிற்கும். நிற்கட்டும். நீங்களும் மோர் குடியுங்கள்.

பாத்திரக்காரர், கும்பகோணம்: அலுமினியக் குக்கர் கைப்பிடி?

ஆரம்பத்திலேயே வேண்டாம். அலுமினியம் 660 டிகிரியில் உருகும். அதன் மேல் இருக்கும் ஆக்சைடு தோல் 2,000 டிகிரி தாண்டியும் உருகாது. உள்ளே பாயசம், மேலே பாறை. சுத்த ஆர்கான் வேண்டும், வேறு வயர் வேண்டும், அந்த மெல்லிய வயர் குழாய்க்குள் நூல் மாதிரி மடங்கும். குக்கர் என்பது அழுத்தம் தாங்கும் பாத்திரம் வேறு. கம்பெனிக் கைப்பிடி வாங்கி மாட்டுங்கள்.

முறையாகப் படிக்க ஆசை, திருச்சி: யாரிடம் கற்றுக்கொள்வது?

உங்கள் ஊர்க்காரர் இதைக் கேட்கலாமா! பெல் நிறுவனத்தின் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் 1975-இலிருந்து திருச்சியில்தான் இருக்கிறது. முழுநேரமாக என்றால் ஐ.டி.ஐ.யில் வெல்டர் பிரிவு ஒரு வருடப் படிப்பு. ஆசைக்கு மட்டும் என்றால் பக்கத்துப் பட்டறையில் நான்கு சனிக்கிழமை போய், டீ வாங்கிக் கொடுத்து, பக்கத்தில் நின்று பாருங்கள். ஹெல்மெட் போட்டுக்கொண்டு.

இல்லத்தரசி, கோயம்புத்தூர்: என் வீட்டுக்காரர் மிஷின் வாங்கியே தீருவேன் என்கிறார். "கட்டில் செஞ்சு தர்றேன்"னு சொல்றாரு. நம்பலாமா?

கட்டிலை ஒரு வருடம் கழித்து நம்பலாம் அம்மா. அதுவரை மனிதர் உட்காராத, தலைக்கு மேல் தொங்காத, வண்டியில் மாட்டாத சாமான்கள் மட்டும் என்று கறாராகச் சொல்லிவிடுங்கள். ஷூ ஸ்டாண்ட், துடைப்பம் மாட்டும் கொக்கி, கோழிக்கூண்டு. வேலை நடக்கும் இடத்தைச் சுற்றி 35 அடிக்குள் தென்னை ஓலை, சாக்கு, பெயின்ட் டின் எதுவும் வேண்டாம். பொறி அவ்வளவு தூரம் ஓடும். பக்கத்தில் ஒரு வாளி மணல். முடித்த பிறகும் அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்து காவல் காக்கச் சொல்லுங்கள். அந்த அரை மணி நேரம் வீடு அமைதியாக இருக்கும், அது உங்கள் லாபம்.

விடாக்கண்டன், நாகர்கோவில்: அந்தத் துளசி ஸ்டாண்ட் கடைசியில் என்ன ஆயிற்று?

பட்டறை அண்ணன் மூன்று கால்களை மறுபடி பத்த வைத்துக் கொடுத்தார். நான்காவதை நானே அடிப்பேன் என்று பிடிவாதம் பிடித்து, அடித்து, சுத்தியலால் தட்டியும் பார்த்தேன். நிற்கிறது. ஆனாலும் என் மனைவி துளசியை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார். இப்போது அதன் மேல் என் ஹெல்மெட் இருக்கிறது.